மதுரையின் இரு மதில்கள்

மதுரை என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன சங்கமும் மீனாட்சியம்மை திருக்கோயிலுமே. தலயாத்திரை செல்வோர் அம்மையைத் தரிசித்து, பிரசாதம் பெற்று, இராமேச்சுரத்துக்குப் புறப்பட்டு விடுகின்றனர். அந்நகரின் வீதிப் பெயர்களை நின்று படிப்போர் சிலரே. படிப்பார்க்கு அங்கே ஒரு வரலாறு புலனாகும்.

கோயிலைச் சூழச் சதுரஞ் சதுரமாக அமைந்தவை ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி வீதிகள். திங்களும் திருவிழாவும் தந்த பெயர்கள். (சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுவது, மாசி விழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியமையால் என்பர்.) மாசி வீதியைக் கடந்ததும் பெயர்களின் போக்கு மாறுகின்றது. ஒன்று மாரட் வீதி. மற்றொன்று பெருமாள் மேஸ்திரி வீதி. முன்னவர் நில அளவையாளர். பின்னவர் வேலையாட்களை நடத்திய மேஸ்திரி. தெய்வத்தின் விழாவுக்கு அடுத்தபடியாக ஒரு மேஸ்திரியின் பெயரைத் தன் வீதிக்கு இட்ட நகரத்தை நாம் வேறெங்கும் கண்டிலம்.

அங்கேதான் நாயக்கர் காலக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தன. உள்ளே குடிகள் நெருங்கி வாழ்ந்தனர். அகழி நோய்க்கு இடமாயிற்று. 1840-ஐ அடுத்த ஆண்டுகளிற் கலெக்டர் பிளாக்பேர்ண் அம்மதிலை அகற்றத் துணிந்தார். அவர் கண்ட உபாயம் எளியது: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்க்கு அந்நிலமே மனையாகும். மக்கள் முன்வந்தனர்; மதில் மறைந்தது; வீதிகள் பிறந்தன. நகரத்தார் அவருக்கு நன்றியாக நாட்டிய விளக்குத்தூண் இன்றும் உள்ளது. 1866-ல் நகரசபையும் ஏற்பட்டது.

1901-ல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, நம் சுன்னாகம் குமாரசாமிப் புலவர் போன்ற ஈழத்தறிஞர்க்கும் அங்கே இடமிருந்தது. கடல் கடந்த புலவர்க்கு வாயில் திறந்த அந்நகரில், அம்மையின் வாயில் அந்நகரத்துக் குடிகளிலேயே ஒரு பகுதியார்க்கு அடைபட்டுக் கிடந்தது. கல்மதிலினும் உறுதியானது அம்மதில். அதனை இடிப்பவர்க்கு மனை தருவாருமில்லை.

1939 ஜூலை 8-ஆம் நாள் வழக்கறிஞர் வைத்தியநாத ஐயர், பின்னாளில் அமைச்சராய் விளங்கிய கக்கன் உள்ளிட்ட அறுவரை அழைத்துக்கொண்டு உட்புகுந்தார். கோயில் நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு தடுத்திலர். பட்டர்களுட் சிலர் பூசையை விட்டு நீங்கினர், வழக்குகள் எழுந்தன, ஐயரைச் சுற்றத்தாரும் இகழ்ந்தனர். எனினும் திறந்த கதவு மீண்டும் அடைபடவில்லை. காந்தியடிகள் 1946-ல் அக்கோயிலுட் சென்று வழிபட்டார்.

மதுரையின் பழம்பெருமையை மேடைதோறும் எடுத்தோதும் நாம், இவ்வொரு நாளை ஓதுவதில்லை. ஓதாமைக்குக் காரணம் உண்டு. அந்நாளுக்கு இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 1968-ல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் வழிபட வந்தோர் தடுக்கப்பட்டனர். தடுத்து நின்றோருட் கற்றறிந்தாரும் இருந்தனர். 2018-ல் தென்மராட்சியில் ஒரு கோயிற்றேரை மண்ணகழும் இயந்திரம் இழுத்துச் சென்றதைப் படத்திற் கண்டோம். வடம் பிடிக்க ஆளில்லை என்று காரணம் சொல்லப்பட்டது.