லோரி ஓட்டும் தம்பிக்கு

வீட்டில் லோரி ஓட்டுபவர் இருந்தால், அவர் சாப்பிட உட்காரும்போது இதைப் படித்துக் காட்டுங்கள்.

சாலைச் சோதனை என்றதும் அதிக பாரம், பிரேக், லைசென்ஸ் இவைதான் நம்மவர் நினைவுக்கு வரும். ஜி.டி.எல். லைசென்ஸும் 6 மாதத்துக்கு ஒருமுறை செய்யும் வண்டிப் பரிசோதனையும் சரியாக இருந்தால் கவலையில்லை என்று இருந்துவிடுவார்கள். ஆனால் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரி, பெண் பார்க்க வந்தவர்போல வண்டியைச் சுற்றி வந்தால்? வெறும் வண்டியின் எடையும் சுமையோடு உள்ள எடையும் பக்கவாட்டில் எழுதியிருக்குமே, அது செம்மண்ணில் மறைந்து கிடக்கும். நம்பர் பலகையும் அப்படியே. வழக்கமாக யாரும் கேட்பதில்லை என்பதால் அது குற்றமில்லை என்று ஆகிவிடாது.

இவை சம்மனோடு போகட்டும். பின்விளக்கைச் சேறு மூடியிருந்தால், இருட்டில் மோட்டார்சைக்கிளில் வருபவர் ஓரமாய் நிற்கும் லோரியை எப்படிக் காண்பார்? மலேசியச் சாலைகளில் இறப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார்சைக்கிளில் போனவர்கள்தாம். செம்பனைக் குலைக்கு வலை கட்டாமல் வந்தால், வளைவில் ஒரு குலை உருண்டாலும் போதும். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடு தெரியும். ரப்பர் அதன் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அந்த டயர் ஆகாது.

டயர் மாற்றுவது முதலாளியின் பொறுப்புதானே என்பீர்கள். ஸ்டியரிங் பிடித்தவர் பெயருக்கும் சம்மன் வரும், தம்பி. குறையைத் தேதி போட்டு எழுதி ஆபீசில் கொடுங்கள். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாயால் சொன்னதைப் பிறகு யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

விளக்குக்கும் பலகைக்கும் ஓர் ஈரத்துணி போதும். தோட்டத்து மண்பாதை முடிந்து தார்ச்சாலை தொடங்கும் இடத்தில் இறங்கித் துடைத்துவிட்டுப் புறப்படுங்கள்.