குறை படத்தில், முகத்தில் அன்று

நுழையும்முன்

கைப்பேசி கைக்கு வந்தபின் நாம் அனைவரும் படமெடுக்கிறோம். எடுத்த படத்தைப் பிறரிடம் காட்டுகிறோம். காட்டியதும் நாம் கேட்பது என்ன, பிறர் படத்தைக் கண்டதும் நாம் சொல்வது என்ன என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? அது குறித்த கருத்துக் கட்டுரை இது.

பணிமாற்றம் பெற்று நான் கேரளத்தில் முதன்முதலாக வந்து சேர்ந்தது இடுக்கி மலையில். ஏழாம் வகுப்பு மாணவர்களிடம், 'என் வீட்டார் ஒருவர்' என்னும் தலைப்பில் ஓர் உருவப்படமும் பத்து வரிகளும் கொண்டுவருமாறு கூறியிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் மாணவன் ஒருவன், கொழுந்து பறிக்கச் சென்ற தன் அப்பாயியைக் கைப்பேசியில் படமெடுத்து அச்சிட்டுக் கொண்டுவந்தான். படம் வகுப்பைச் சுற்றி வந்தது. "சூப்பர்" என்றனர் பலர். கடைசி இருக்கையிலிருந்து ஒரு குரல், "ஒரே கறுப்பா இருக்கு" என்றது. வகுப்பு சிரித்தது. அவன் படத்தை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டான்.

இரண்டு நாள் கழித்து அதே படத்தை வேறு வடிவில் கொண்டுவந்தான். முகத்தை வெளுப்பாக்கும் செயலி ஒன்றின் வழியாக அப்பாயியின் முகம் மாவு பூசியதுபோல் மாறியிருந்தது. சுருக்கங்கள் மறைந்திருந்தன. அதை வீட்டில் காட்டியபோது அப்பாயி கேட்ட கேள்வியை அவனே தயங்கித் தயங்கி என்னிடம் கூறினான்: "ஏஞ்சாமி, இது யாரு? என் நெத்தித் தழும்ப எங்க கொண்டுபோன?" இளம் வயதில் மழைநாளொன்றில் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்தபோது ஏற்பட்ட தழும்பு அது.

ஆக, ஒரே முகத்தைப் பற்றி மூன்று கருத்துரைகள் எழுந்தன. 'சூப்பர்' என்னும் பாராட்டு அவனுக்கு எதையும் கற்பிக்கவில்லை. 'கறுப்பு' என்னும் இகழ்ச்சி தவறான ஒன்றைக் கற்பித்தது. 'தழும்பு எங்கே?' என்னும் கேள்விதான் படத்தில் என்ன குறைகிறது என்பதைச் சுட்டியது. உருவப்படம் எடுப்பதில் தேர்ச்சி பெற விரும்புவோர்க்கு விலையுயர்ந்த கருவியைவிட நல்ல கருத்துரையே பெருந்துணை என்பதும், அதை முதலில் கூறும் உரிமை படத்தில் இருப்பவருக்கே உண்டு என்பதும் என் கருத்து.

இகழ்ச்சிக்குள்ளும் ஓர் உண்மை ஒளிந்திருந்தது. அந்தப் படம் இருண்டுதான் இருந்தது. அதற்குக் காரணம் அப்பாயியின் நிறம் அன்று. அவருக்குப் பின்னால் வெண்மையான பனிமூட்டம் பரந்திருந்தது. படக்கருவி தன் முன்னுள்ள மொத்த ஒளியையும் அளந்து, அதை நடுத்தர அளவுக்குக் கொண்டுவர முயலும். பின்னணி மிக வெளிச்சமாக இருந்தால் கருவி ஒளியைக் குறைத்துவிடும். அப்போது முகம் இருளில் மூழ்கும். திரையில் முகத்தின்மீது விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டியிருந்தால் கண்கள் தெளிந்திருக்கும். அல்லது பனிமூட்டம் முகத்துக்கு எதிரே அமையுமாறு இருவரும் இடம் மாறி நின்றிருந்தால், மென்மையான ஒளி முகமெங்கும் பரவியிருக்கும். "பின்னால் வெளிச்சம் மிகுதி, அதனால் அப்பாயியின் கண்கள் தெரியவில்லை. முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டிப் பார்" என்று அந்த மாணவன் கூறியிருந்தால், அது முழுமையான திறனாய்வாக இருந்திருக்கும். குறை படத்தில் இருந்தது. அவன் அதை முகத்தில் ஏற்றிவிட்டான்.

இத்தவறு ஒரு வகுப்பறையில் மட்டும் நிகழ்ந்ததன்று. அமெரிக்காவின் கோடாக் நிறுவனம் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில், வண்ணப் படச்சுருள்களை அச்சிடும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பி வந்தது. வெண்ணிறத் தோலுடைய பெண்ணின் படம் அதில் இருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல்நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. விளைவு என்ன? வெள்ளை மாணவரும் கறுப்பின மாணவரும் சேர்ந்து நின்ற பள்ளிப் படங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரியும் நிழல்களாயின. பெற்றோர் குறை கூறினர். மரத்தளவாடம் செய்வோரும் சாக்லெட் செய்வோரும், தங்கள் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டனர். அதன் பின்னரே படச்சுருள் மெல்ல மெல்லத் திருத்தப்பட்டது. பிற்காலத்து மாதிரி அட்டைகளில் பல நிறத்தோரும் இடம்பெற்றனர். குறையைத் தெளிவாக எடுத்துக் கூறியவர்களால்தான் கருவியே திருந்தியது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

பின்னர் நான் பாலக்காட்டுக்கு வந்தேன். இங்கு ஒளி வேறு. மலைக்கணவாய் வழியே காற்று வீசும், வெயில் சுடும். உச்சிவெயிலில் ஒருவரை நிறுத்திப் படமெடுத்தால் புருவத்தின் நிழல் கண்களின்மேல் விழும். மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். வாளையாற்றுப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, ஆலைப்பணி முடித்து வந்த தன் தந்தையை அவ்வாறு எடுத்திருந்தாள். இம்முறை நான் முன்னெச்சரிக்கையாக இருந்தேன். கருத்துக் கூறுவோர் மூன்று வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும் என்று விதித்தேன். படத்தில் நீ காண்பது என்ன? அதைக் காணவிடாமல் தடுப்பது எது? அடுத்த முறை என்ன செய்து பார்க்கலாம்?

"அவர் களைத்திருக்கிறார், ஆனால் மகளைக் கண்டு மகிழ்கிறார்" என்றான் ஒருவன். "கண்ணில் நிழல் இருப்பதால் அந்த மகிழ்ச்சி பாதிதான் தெரிகிறது" என்றாள் மற்றொருத்தி. "வாசற்படிக்கு உள்ளே, வெளிச்சத்தைப் பார்த்து நிற்கச் சொல்லலாம்" என்று ஒருவர் கூற, "மிக அருகில் வைத்து எடுத்ததால் மூக்குப் பெரிதாகத் தெரிகிறது, நாலைந்து அடி தள்ளி நில்" என்று மற்றொருவர் கூறினார். தலைக்குப் பின்னால் முளைத்ததுபோல் நின்ற மின்கம்பத்தையும் ஒருவர் கண்டுபிடித்தார். அந்த மாணவி முகம் வாடவில்லை, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதியவற்றுள் ஒன்றுகூடத் தந்தையின் தோற்றத்தைப் பற்றியதன்று. எல்லாம் அவள் மாற்றக்கூடியவை. ஆக்கமுறைக் கருத்துரைக்கு இதுவே இலக்கணம் என்பேன். எடுத்தவரால் மாற்ற இயலாத ஒன்றைக் குறையாகக் கூறுவது திறனாய்வாகாது.

ஆனால், ஒளியையும் தொலைவையும் மட்டும் திருத்தினால் போதுமா? உலகப் புகழ்பெற்ற ஓர் உருவப்படத்தின் கதை, போதாது என்கிறது. 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பட்டாணி பறிக்கும் இடம்பெயர் தொழிலாளர்களின் முகாமில் டொரோத்தியா லாங் என்னும் ஒளிப்படக் கலைஞர் ஒரு தாயைப் படமெடுத்தார். கவலை தோய்ந்த முகம். இருபுறமும் முகம் மறைத்துச் சாய்ந்த குழந்தைகள். 'இடம்பெயர்ந்த தாய்' என்னும் பெயரால் அப்படம் உலகெங்கும் பரவியது. அம்முகாமின் பசியை நாடு அறிந்தது, உணவு அனுப்பப்பட்டது. ஆயினும், தாம் அத்தாயின் பெயரைக் கேட்கவில்லை என்று லாங் பின்னாளில் எழுதினார். 42 ஆண்டுகளுக்குப் பின், 1978இல்தான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது. அப்படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அவர் மனம் கசந்து கூறினார். காரின் டயர்களை விற்று அவர் உணவு வாங்கியதாக லாங் எழுதியதும் உண்மையன்று என்று குடும்பத்தார் மறுத்தனர்.

ஒளியமைப்பிலும் காட்சியமைப்பிலும் குறை காண முடியாத படம் அது. ஆயினும், படத்தில் இருந்தவரின் கருத்துரை 42 ஆண்டுகள் காலந்தாழ்ந்து வந்தது. மூணாற்றுச் சாலையோரம் வண்டியை நிறுத்தி, கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளாமலே படமெடுத்துச் செல்லும் சுற்றுலாப் பயணியரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அப்படங்கள் எங்கெங்கோ போகின்றன. அப்பெண்கள் அவற்றை ஒருநாளும் காண்பதில்லை. காணாதவர் எவ்வாறு கருத்துக் கூற இயலும்?

உங்களுக்கோ அந்த இடையூறு இல்லை. நீங்கள் எடுக்கும் முகங்களின் பெயர் உங்களுக்குத் தெரியும். மாலையில் அவர்களோடு அமர்ந்து உண்கிறீர்கள். இது எத்தகைய பேறு என்பதற்கு மதுரையைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் மு. பழனி குமார் சான்றாவார். மீன் விற்கும் தாயின் மகனாகிய இவர், தம் தாயையும் அவரைப் போன்ற உழைக்கும் பெண்களையும் படமெடுத்தார். கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் இவரே. ஊரக இந்தியாவின் வாழ்வைப் பதிவுசெய்யும் 'பாரி' இணையதளத்தில் பணியாற்றும் இவர், 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருதைப் பெற்றார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு ஒளிப்படக்கலை கற்பித்தும் வருகிறார். தம் வீட்டார் முகத்தைத் தாமே பதிவுசெய்யும் பிள்ளைகள், வெளியிலிருந்து வருவோர் காணாததைக் காண்பர்.

'பிள்ளைகள் எடுத்த படத்தில் குறை காண்பதா? பாராட்டினால் அன்றோ ஊக்கம் பெறுவர்?' என்று கேட்போர் உண்டு. அவர்தம் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால், எல்லாப் படத்துக்கும் ஒரே பாராட்டைக் கூறுவோர் எந்தப் படத்தையும் உற்றுப் பார்ப்பதில்லை. உற்றுப் பார்த்துச் சொல்லும் ஒரு குறை, பாராமல் சொல்லும் பத்துப் பாராட்டினும் மதிப்புடையது. 'படைப்பு என் விருப்பம்; பிறர் சொல்வதை ஏன் கேட்க வேண்டும்?' என்பாரும் உளர். கேட்ட எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. கேட்டபின் கொள்வதும் தள்ளுவதும் எடுத்தவர் உரிமை. கேளாமலே தள்ளுவதுதான் தவறு.

இது நம் மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அரங்கேறியபோது, அதங்கோட்டாசான் முன்னிலையில் குற்றமறத் தெரிவிக்கப்பட்டது என்று அந்நூலின் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. தமிழின் மிகப் பழைய இலக்கண நூலே கேள்விகளுக்கு விடை கூறித்தான் அவையேறியது. நட்பு என்பது சிரித்து மகிழ்வதற்கு மட்டுமன்று, நண்பன் வழி தவறும்போது இடித்துரைப்பதற்கும் ஆகும் என்பது வள்ளுவர் கொள்கை. இடித்துரை வேறு, இழித்துரை வேறு. முன்னது திருத்தும், பின்னது புண்படுத்தும்.

அந்த மலைநாட்டு மாணவன் மூன்றாம் முறையும் படமெடுத்தான். லயத்தின் வாசற்படியில் அப்பாயியை அமரச் செய்து, தானும் கீழே அமர்ந்து, அவர் கண்ணுக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்தான். பக்கவாட்டு ஒளியில் சுருக்கங்களும் தழும்பும் தெளிவாகப் பதிந்தன. வகுப்பில் காட்டுவதற்கு முன் அவரிடமே காட்டினான். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. கொழுந்து கிள்ளுன கை தெரியலையே சாமி" என்றாராம். 'என்ன செய்யப்போகிறாய்?' என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மறுபடியும் எடுக்கிறேன் ஐயா" என்றான்.

சொல்லும் பொருளும்

லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் தொடர்வீடு
கொழுந்து – தேயிலைச் செடியின் இளந்தளிர்
அரங்கேற்றம் – புது நூலை அறிஞர் அவையில் முதன்முதலாக வெளியிடுதல்
இடித்துரை – நன்மை கருதிக் கடிந்து கூறும் சொல்
பேறு – கிடைத்தற்கரிய நன்மை

சிந்தித்து எழுதுக

1. 'குறை படத்தில் இருந்தது. அவன் அதை முகத்தில் ஏற்றிவிட்டான்' – இத்தொடரை விளக்குக.
2. ஷெர்லி அட்டையின் வரலாறு கட்டுரையாளரின் கருத்துக்கு எவ்வாறு துணைசெய்கிறது?
3. கட்டுரையாளர் கூறும் கருத்துகளுள் நீங்கள் உடன்படாத ஒன்று உண்டா? காரணம் காட்டி எழுதுக.

செய்து பார்ப்போம்

உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரின் இசைவு பெற்று அவரைப் படமெடுங்கள். முதலில் அவரிடமே காட்டி, அவர் கூறுவதை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். பின்னர் அருகிலிருக்கும் மாணவரிடம் காட்டி, மூன்று வினாக்களுக்கும் விடை பெறுங்கள். மீண்டும் படமெடுத்து, இரண்டு படங்களையும் அருகருகே ஒட்டி வாருங்கள்.