தரை டிக்கெட்டுக்கும் ஞாபகம் உண்டு

'அந்தக் காலம்' பற்றிய பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. டெண்ட் கொட்டாய், பாட்டுப் புத்தகம், ரேடியோவில் ஒலிச்சித்திரம், ஆலமரத்தடிப் பஞ்சாயத்து, வெள்ளை வேட்டிப் பெரியவர், கூட்டுக் குடும்பம். 1990களில் வந்த கிராமத்துப் படங்களை டிவியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்த்துவிட்டு, 'எப்படியிருந்த ஊரு!' என்று பெருமூச்சு விடுகிறார்கள். விடட்டும். நமக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. எந்த ஊர்? ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கிற மண்ணில் 'எங்க ஊரு' என்று ஒருவன் உருகும்போது, அந்த உருக்கத்துக்குள் சேரி இருக்கிறதா இல்லையா?

இந்தக் கேள்விக்கு நம் தோழர்கள் சிலர் அவசரமாக ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சினிமா சாதி இந்துக்களுடையது, நம் சனங்களை மயக்கிப்போட அவர்கள் கொடுத்த கஞ்சா அது, அதில் இனிமையான ஞாபகம் என்று ஒன்று இருந்தால் அது ஏமாந்தவனின் ஞாபகம் என்பது அந்தப் பதில். எனக்கு இதில் உடன்பாடில்லை. நம் துயரத்தை மட்டும்தான் நாம் எழுதலாம், நம் சந்தோஷத்தை எழுதக்கூடாது என்று யார் சட்டம் போட்டது? இழவு வீட்டில் மட்டும் நம்மைத் தேடுகிற புத்திதானே இதுவும்?

டூரிங் டாக்கீஸை எடுத்துக்கொள்வோம். சாயங்காலம் ஸ்பீக்கரில் சாமி பாட்டுப் போட்டால் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் அதுதான் மணி. நடவு முடிந்து வந்த பொம்பளைகள் அவசரமாகக் கஞ்சியைக் குடித்துவிட்டுப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரப்பு மேலேயே நடந்து வருவார்கள். தரை டிக்கெட், பெஞ்சு டிக்கெட், சேர் டிக்கெட். தரைக்காரனுக்கு மணல்தான் ஆசனம். மணலைக் குவிச்சு மேடு கட்டி உக்காந்தா, 'மறைக்குதுடா'ன்னு பின்னால இருக்கிறவன் கத்துவான். ஒத்தை புரொஜக்டர் என்பதால் ரீல் மாத்த ரீல் மாத்த இடைவேளை. முறுக்கு, கடலை, பீடி வாசனை. நானும் அந்த மணலில் வளர்ந்தவன்தான். அந்தச் சந்தோஷம் பொய் என்று எந்தத் தத்துவம் வந்து சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஈழத்து அறிஞர் கா.சிவத்தம்பி தமிழ் சினிமா பற்றி 1981-ல் எழுதியபோது முக்கியமான ஒரு விஷயத்தைச் சொன்னார். தமிழர்கள் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்றார். அங்கே ஆசனத்தைத் தீர்மானித்தது பிறப்பல்ல, டிக்கெட் வாங்குகிற சக்தி என்பது அவர் வாதம். பெரிய அவதானிப்பு. கோயிலில், டீக்கடையில், கிணற்றில் கிடைக்காத ஒன்று காசு கொடுத்தால் கொட்டாயில் கிடைத்தது. அந்தக் கிழிந்த டிக்கெட்டு நமக்கு ஒரு உரிமைச் சீட்டு. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் இதோடு நிறுத்தவும் கூடாது. சேர் டிக்கெட் வாங்குகிற சக்தி எங்கிருந்து வருகிறது? நிலத்திலிருந்து வருகிறது. நிலம் யாரிடம் இருந்தது? கூலியாக நெல் அளந்து வாங்கியவனும், நெல்லை அளந்து போட்டவனும் ஒரே கூரைக்கடியில் உட்கார்ந்தார்கள் என்பது நிசம். ஒருத்தன் சேரில், ஒருத்தன் மணலில். பிறப்பு கொட்டாய்க்கு வெளியே நின்றுவிடவில்லை, காசாக வேஷம் மாறி உள்ளே வந்து உட்கார்ந்தது. படம் விட்டு வீட்டுக்கு நடக்கும்போது ஊர்த்தெரு வந்தால், அதுவரை வசனம் பேசிக்கொண்டு வந்த இளவட்டங்கள் தானாகக் குரலைத் தாழ்த்துவார்கள். மூன்று மணி நேர சமத்துவம் அந்தத் தெருமுனையில் முடிந்துபோகும்.

உட்காருகிற இடத்தின் கதை இது. திரையில் என்ன நடந்தது?

1936-ல் இந்தியில் 'அச்சுத் கன்யா' வந்தது. தீண்டப்படாத பெண்ணாக நடித்தவர் தேவிகா ராணி. தாகூர் குடும்பத்து வழிவந்தவர். நாடே கொண்டாடியது. படத்தில் அந்தப் பெண் ரயிலில் அடிபட்டுச் சாகிறாள். அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் திருவனந்தபுரத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' படத்தில் பி.கே.ரோஸி என்ற தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்தார். ஜே.சி.டேனியல் எடுத்த படம். புலையப் பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வருவதா என்று கொதித்துப்போய்க் கல்லெறிந்தார்கள். ரோஸி ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் வந்து, நடித்த பெயரையே மறைத்துக்கொண்டு வாழ்ந்து முடித்தார் என்கிறார்கள். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை. மேல்சாதிப் பெண் கீழே இறங்கி நடித்தால் கலை. கீழ்சாதிப் பெண் மேலே ஏறி நடித்தால் கலகம். இந்திய சினிமாவின் இலக்கணத்தை இந்த இரண்டு பெண்களை வைத்தே எழுதிவிடலாம்.

தமிழில்? 1956-ல் வந்த 'மதுரை வீரன்' எம்.ஜி.ஆரை எங்கேயோ கொண்டுபோன படம். மதுரை வீரன் அருந்ததிய மக்களின் சாமி. படத்தில் அவன் பிறப்பால் அரசகுமாரன். காட்டில் விடப்பட்டு, என்.எஸ்.கிருஷ்ணனும் டி.ஏ.மதுரமும் நடித்த செருப்புத் தைக்கிற தம்பதி எடுத்து வளர்க்கிறார்கள். சினிமாக்காரன் மட்டும் செய்த புரட்டு அல்ல இது. பழைய கதைப்பாடலிலேயே அவனைக் காசிராஜன் மகனாக்கி வைத்திருந்தார்கள். சேரியில் வீரன் வளரலாம், பிறக்கக் கூடாது! ஆனால் நம் சனங்கள் எந்தப் படத்தைப் பார்த்தார்கள்? அரசகுமாரனையா பார்த்தார்கள்? நம்ம வீட்டுப் பையன் வாளெடுத்துச் சுத்துகிறதைப் பார்த்தார்கள். எம்.எஸ்.எஸ்.பாண்டியன் 1992-ல் எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஒரு சிறை என்று எழுதினார். சரியான ஆய்வு. சிறைக்குள்ளே இருந்தவர்கள் சுவரில் என்ன கிறுக்கி வைத்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியது நம் வேலை.

எங்க பெரியம்மா ஒரு படம் பார்த்துவிட்டு வந்தால் மறுநாள் களையெடுக்கிற வயலில் முழுப் படத்தையும் சொல்லும். பாட்டு வருகிற இடத்தில் பாட்டு, அழுகிற இடத்தில் அழுகை. ஆனால் பார்த்த படத்தை அப்படியே சொல்லாது. பண்ணையாரிடம் அடிவாங்கி, 'சாமி'ன்னு கும்பிட்டு நிற்கிற வேலைக்காரன் பெரியம்மா கதையில் எதிர்த்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவான். 'அது படத்துல இல்லையே பெரியம்மா'ன்னா, 'கேக்காம போவானாடா? கேட்டிருப்பான், இவனுங்க வெட்டியிருப்பானுங்க' என்று சொல்லும். எடிட்டிங் அரசியலை இதைவிடத் தெளிவாக ஒரு கட்டுரையிலும் நான் படித்ததில்லை.

இப்போது 1990களுக்கு வருவோம். 1990-91 அம்பேத்கர் நூற்றாண்டு. சேரிதோறும் சிலை, கொடிக்கம்பம், இரவுப் பாடசாலை, கூட்டம். நம் பையன்கள் குனிந்த தலையை நிமிர்த்திய நேரம். அதே நேரத்தில் திரையில் என்ன வந்தது? 1992-ல் 'சின்னக்கவுண்டர்', 'தேவர் மகன்'. 1993-ல் 'எஜமான்'. 1994-ல் 'நாட்டாமை'. பெயர்ப் பலகையைப் படித்தாலே போதும். பிறப்பால் தீர்ப்புச் சொல்கிற ஒரு பெரிய மனுசன், எதிரே கைகட்டி நிற்கிற ஊர். நிமிர்ந்து கேள்வி கேட்கிற சேரி அந்த மரத்தடியில் எங்கும் இல்லை. தற்செயல் என்று சொல்ல நான் தயாரில்லை.

ஏனென்றால் நிசமான பஞ்சாயத்தில் நடந்தது நமக்குத் தெரியும். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்து வந்த தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30-ல் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தேர்தலையே முறையாக நடத்தவிடவில்லை. திரையில் நாட்டாமை தீர்ப்புக்குக் கைதட்டல், தரையில் தலித் தலைவன் உட்கார நாற்காலி இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் 'தொண்ணூறுகளின் பொற்காலம்' என்று யாராவது பேசினால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

1997-ல் 'பாரதி கண்ணம்மா' வந்தது. பண்ணையார் மகளும் தலித் வேலைக்காரனும் என்று கதை வைத்தார்கள். கடைசியில் அவள் சிதையில் இவனும் விழுந்து சாகிறான். 1936-ல் ரயில், 1997-ல் தீ. நாம் செத்தால் அழுவதற்குத் தயாராக இருக்கிற கண்ணீர், நாம் வாழ்ந்தால் எங்கே போய்விடுகிறது?

இந்த முடிவுகளை மாற்றி எழுதுகிற வேலை இப்போது திரையிலேயே நடக்கிறது. 'தேவர் மகன்' படத்தில் வடிவேலு நடித்த இசக்கியின் கையை வெட்டுவார்கள். 2023-ல் 'மாமன்னன்' இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசன் முன்னாலேயே, அந்த இசக்கிதான் தன் மாமன்னன் என்றார் மாரி செல்வராஜ். கைபோன இசக்கி 31 வருசம் கழித்து அதே வடிவேலுவாகச் சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தான். களையெடுக்கிற வயலில் எங்க பெரியம்மா செய்த வேலைதான் இது. 2024-ல் வந்த 'வாழை' படத்தில் வாழைத்தார் சுமக்கிற இரண்டு பையன்கள் ரஜினியா கமலா என்று சண்டை போட்டுக்கொள்கிறார்கள். சுமை கழுத்தை நெரிக்கிறது, சினிமா ஆசையும் கூடவே ஓடுகிறது. ஒன்றைச் சொல்ல இன்னொன்றை மறைக்கவில்லை அந்தப் படம்.

இதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று முரசடிக்க வேண்டாம். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு பெரிய தியேட்டரில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றது. உள்ளே விடவில்லை. வீடியோ பரவி எதிர்ப்புக் கிளம்பியதும், படத்துக்கு யு/ஏ சான்றிதழ், சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், அதனால்தான் என்றது நிர்வாகம். பெரியவர்களோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்பதுதானே யு/ஏ? கூட இருந்த சனங்கள் தட்டிக்கேட்ட பிறகே அவர்கள் உள்ளே போனார்கள். டிக்கெட் வாங்கினால் இடம் உண்டு என்ற அந்தப் பழைய வாக்குறுதி சிவத்தம்பி எழுதி 42 வருசம் கழித்தும் வாசலில் நின்று வாதாட வேண்டியிருக்கிறது.

மாணவத் தோழர்களுக்குச் சொல்வது இதுதான். படம் பார்த்து விமர்சனம் எழுதுங்கள், அது வேண்டும். அதோடு வீட்டில் இருக்கிற பெரியம்மாக்களிடம், அத்தைகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் படம் பார்த்தீங்க, எங்க உக்காந்தீங்க, யாரோட போனீங்க, எந்த முடிவு பிடிக்கல? ராத்திரியில் போஸ்டர் ஒட்டியவர், மாட்டு வண்டியில் தட்டி கட்டித் தெருத்தெருவாக நோட்டீஸ் வீசியவர், கொட்டாய் மணலைச் சலித்துப் போட்டவர் உங்கள் தெருவில் இருப்பார். அவர்கள் ஞாபகம்தான் தமிழ் சினிமாவின் எழுதப்படாத வரலாறு. நாம் எழுதாவிட்டால் சேரில் உட்கார்ந்தவன் ஞாபகமே எல்லாருடைய ஞாபகமாகிவிடும்.

ரோஸி மேல் விழுந்த கல் பார்ப்பவர்கள் பக்கமிருந்து திரைக்குப் போன கல். 2013-ல் நாகராஜ் மஞ்சுளே எடுத்த மராத்திப் படம் 'ஃபன்றி'. பன்றி பிடிக்கிற குடும்பத்துப் பையன், தன்னைக் கேலி செய்தவனைப் பார்த்துக் கடைசியில் ஒரு கல்லை வீசுகிறான். அது நேராக நம்மை நோக்கி வருகிறது. கல் திசை மாறிவிட்டது. எறிந்தவனின் கதையை எழுதுகிற பேனா நம் கையில் இருக்கிறதா என்பதுதான் இனி பேச்சு.