சுற்றுச்சூழல் ஆய்வாளருக்குச் சம்பளம் தருவது யார்?

சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்த ஒரு பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் முதல் வேலை எங்கே கிடைக்கிறது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தேர்வு எப்போதாவதுதான் வருகிறது. கல்லூரி ஆசிரியர் ஆக நெட், செட், முனைவர் பட்டம் என்று வரிசை நீளம். பங்குச்சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தருவதை செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியதால் அங்கே சில இடங்கள் உண்டு, அவற்றுக்கு எம்.பி.ஏ. படித்தவர்களும் போட்டி. மிச்சம் இருப்பது ‘கன்சல்டன்சி’ என்று எல்லோரும் சொல்லும் ஆலோசனை நிறுவனம். பெரிய குவாரியோ, ரசாயன ஆலையோ, துறைமுகமோ, நெடுஞ்சாலையோ, சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் முன் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். அதைத் தயாரித்துக் கொடுப்பவை இந்த நிறுவனங்கள்தான். அறிக்கையில் பெயர் மூத்த நிபுணருடையதாக இருக்கும். உட்கார்ந்து எழுதுபவர் பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்.

அவரை முன்வைத்தே இதைப் பேச வேண்டியிருக்கிறது. அமைச்சகம், நிபுணர் குழு, பசுமைத் தீர்ப்பாயம் என்று மேலே எத்தனை அடுக்கு இருந்தாலும், எல்லாம் அவர் தரும் எண்களின் மேல்தான் நிற்கின்றன.

அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பாருங்கள். காற்றின் தரத்தை அளக்க, ஊரில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கருவியை வைத்து, அந்த வீட்டு மின்சாரத்திலேயே ஓட்டுவார்கள். ஈரம் போக்கி எடை பார்த்த கண்ணாடி இழைத் தாள் ஒன்று அதற்குள் இருக்கும். நிமிடத்துக்குச் சுமார் ஒரு கன மீட்டர் காற்று அதன் வழியே போகும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும், நள்ளிரவிலும்தான். பிறகு மீண்டும் எடை போட்டால், கூடியிருப்பது புழுதி. பிஎம்10 எனப்படும் நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். வரம்பைத் தொடுகிற ஓர் ஊரில் முழு நாளும் அந்தத் தாள்களில் சேரும் புழுதி, ஒரு கிராமில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. அந்தச் சிட்டிகைப் புழுதியை வைத்துத்தான் ஒரு ஊரின் காற்று இன்னொரு ஆலையைத் தாங்குமா என்று முடிவு செய்கிறோம்.

104 என்று வந்தால் என்ன நடக்கும்? “இத இன்னொரு தடவை செக் பண்ணிடும்மா, கிளையன்ட் மீட்டிங் நாளைக்கு” என்று மேலாளர் சொல்வார். அதட்டல் இருக்காது, லஞ்சம் இருக்காது. அடுத்த வரைவில் அது 94 ஆகியிருக்கும். ஏன் என்று கேட்டால் கருவியின் அளவுத்திருத்தம், காற்றின் திசை என்று காரணங்கள் தயாராக இருக்கும். அந்தப் பெண்ணின் சம்பளம் நிறுவனத்திலிருந்து வருகிறது. நிறுவனத்துக்குக் காசு கொடுப்பவரோ அனுமதி கேட்டு நிற்கும் அதே திட்ட உரிமையாளர். 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்து இத்தனை ஆண்டுகளாகியும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

பருவம் இன்னொரு சிக்கல். பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவு போதும். தமிழ்நாட்டில் மார்ச் முதல் மே வரை ஆய்வு நடந்தால் ஏரி வறண்டு கிடக்கும், வலசைப் பறவைகள் போயிருக்கும், தவளைச் சத்தமே இருக்காது. வேடந்தாங்கலில் கூடு கட்டும் பறவைகள் இரை தேடுவது சுற்றியுள்ள ஏரிகளில்தான். மே மாதத்தில் அந்த ஏரி ஒன்றைப் பார்த்து எழுதுபவர் அங்கே என்னதான் எழுத முடியும்? உயிரியல் படித்த பெண்ணுக்கு இது தெரியாமல் இல்லை. ஒப்பந்தத்தில் மூன்று மாதம் என்று இருக்கிறது.

இவற்றோடு, பெண் என்பதாலேயே வரும் பாரம் ஒன்று உண்டு. இரவில் தாள் மாற்ற வேண்டும், தங்க ஒழுங்கான இடம் இல்லை, சைட்டில் கழிப்பறை இல்லை. ஆகவே களத்துக்குப் பையன்களை அனுப்பிவிடுகிறார்கள். அவருக்கு வாட்ஸ்அப்பில் எண்களும் படங்களும் வரும். அதைக் கொண்டு அறிக்கை எழுத வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் நடக்கும் இந்த ஓரங்கட்டல் இரண்டு வகையில் கெடுதல். தான் பார்க்காத ஆற்றைப் பற்றி அவர் எழுதுகிறார். காற்று, நீர், நிலவியல், பல்லுயிர் என்று பன்னிரண்டு துறைகளில் நிபுணர்களை அங்கீகரிக்கும் இந்திய தரக் குழுமத்தின் முறையில் களப்பணி அனுபவம் முக்கியம். மேசையிலேயே இருந்தவர் நிபுணர் என்ற பட்டியலுக்கு எளிதில் போக முடியாது. தங்குமிடமும் வாகனமும் கழிப்பறையும் ஆய்வுச் செலவில் ஒரு பகுதி என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது பெரிய காரியம் இல்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஆனால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வரும்போது மட்டும் அவரை மேடைக்கு அனுப்பிவிடுவார்கள். ஆட்சியர் நடுவில், வாரிய அதிகாரி பக்கத்தில், நிறுவனத்தார் ஓரத்தில். தமிழ்ச் சுருக்கத்தை வாசிப்பவர் இவர். “ஏம்மா, எங்க ஊர் கெணத்துல எப்ப தண்ணி எடுத்தீங்க?” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கேட்டால், நேர்மையான பதில் அவரிடம் இல்லை. ஊர்க்காரர்களின் கோபம் முழுவதும் அந்தப் பெண் மேல் இறங்கும்.

தனிமனித நேர்மையைப் பற்றி உபதேசம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கான அறிக்கையில், ரஷ்யச் சுரங்கம் ஒன்றுக்கு எழுதியதைப் பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டிருந்தது வெளிப்பட்டது. அதன் பிறகு அங்கீகாரம் கட்டாயமாக்கப்பட்டது, தகுதிகள் கூட்டப்பட்டன. 2019 மார்ச்சில் கோவாவின் மோப்பா விமான நிலைய அனுமதியை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தபோது, அருகிலுள்ள காப்புக்காடுகளைப் பற்றிய விவரம் சரியாகச் சொல்லப்படாதது ஒரு காரணம். 2020-ல் மறுபரிசீலனைக்குப் பின் திட்டம் நடந்தது என்பது உண்மை. விடுபட்டது விடுபட்டது என்பதும் உண்மை. நம் தேனி நியூட்ரினோ திட்டத்துக்கு அறிக்கை எழுதியது கோவையின் சலீம் அலி பறவையியல் மையம். அது அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனம் இல்லை என்பதைக் காட்டி 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் அனுமதியை நிறுத்தியது. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்க நமக்குத் தெரிந்திருக்கிறது. காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் தெரியவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. பின்னாளில் நோபல் பெற்ற எஸ்தர் டுஃப்லோவும், ரோகிணி பாண்டே, மைக்கேல் கிரீன்ஸ்டோன், நிக்கோலஸ் ரயன் ஆகியோரும் குஜராத்தில் 473 ஆலைகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆலைகளே தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளமும் கொடுத்துவந்தன. புகைபோக்கித் துகளுக்கான வரம்பு 150 என்றால், அறிக்கை எண்கள் எல்லாம் அதற்குச் சற்றுக் கீழே வரிசையாக வந்து உட்கார்ந்திருந்தன. ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் விதியை மாற்றினார்கள்: தணிக்கையாளர் குலுக்கல் முறையில், ஊதியம் பொது நிதியிலிருந்து, சில அளவீடுகளை வேறொருவர் மறுபடி எடுத்துப் பார்ப்பார். அந்த ஆலைகளில் வரம்புக்குள் இருப்பதாகப் பொய் சொல்வது 80 சதவீதம் குறைந்தது. மாசும் குறைந்தது. தணிக்கையாளர்களில் பலர் இரண்டு பிரிவிலும் ஒரே சமயத்தில் வேலை பார்த்தவர்கள்! அதே ஆள், அதே கருவி. ஆளை ஒதுக்கிய முறையும், கூலி வந்த வழியும், மறுபரிசோதனையும் மட்டும் வேறு.

2025 ஆகஸ்டில் வந்த சுற்றுச்சூழல் தணிக்கை விதிகள் இந்தப் பாடத்தை ஓரளவு எடுத்துக்கொண்டுள்ளன. தணிக்கையாளரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கச் சொல்கின்றன. ஆனால் தணிக்கை என்பது ஆலை வந்த பிறகு. ஆலை வரலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் மதிப்பீட்டுக்கு இன்னும் பழைய வழிதான். திட்ட உரிமையாளர் கட்டணத்தை மாநில மதிப்பீட்டு ஆணையத்தின் கணக்கில் கட்டட்டும். நிறுவனத்தை ஆணையம் ஒதுக்கட்டும். அளவீடுகளில் ஒரு பங்கை இன்னொரு ஆய்வகம் மறுபடி எடுக்கட்டும். எடைத் தாளின் பதிவு முதல் எல்லா மூலத் தரவும் அனுமதி விண்ணப்பங்களுக்கான பரிவேஷ் இணையதளத்தில் இருக்கட்டும். காலதாமதம் ஆகும் என்று தொழில் அமைப்பினர் சொல்வார்கள். நீதிமன்றம் நிறுத்திவைத்த மாதங்களை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

மத்திய அறிவிக்கை திருத்தப்படும் வரை காத்திருக்கவும் வேண்டாம். சிப்காட், டிட்கோ, நெடுஞ்சாலைத் துறை என்று தமிழ்நாடு அரசே ஏராளமான திட்டங்களின் உரிமையாளர். தன் திட்டங்களுக்கான ஆய்வுக் கட்டணத்தை ஒரு பொது நிதியில் போட்டு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களைக் குலுக்கல் முறையில் ஒதுக்கும் பொறுப்பை அண்ணா பல்கலைக்கழகம் போன்ற ஓர் அமைப்பிடம் கொடுக்க, புதிதாக எந்தச் சட்டமும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.