தைத்தவர் பெயர் எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த பெண்கள் பலர் இன்று வீட்டிலிருந்தே குழந்தைகளுக்குத் துணி தைக்கிறார்கள். ஜபலா, பாவாடை சட்டை, சுங்குடியில் கவுன் என்று வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஆனால் பாதிக்கு மேல் எதிலும் தைத்தவர் பெயர் இல்லை. கடைக்குத் தைத்துக் கொடுத்தால் கடையின் லேபிள் ஏறிவிடுகிறது. உடை பிடித்துப்போய் அடுத்த ஆர்டர் கொடுக்க நினைக்கும் தாய் கடையைத்தான் தேடுவாள், உங்களை அல்ல. பதிவெண் எழுதாத விடைத்தாளுக்கு மதிப்பெண் யார் கணக்கில் சேரும்?

என் கருத்து இதுதான். குழந்தை உடை தைத்து விற்கிற ஒவ்வொருவரும் தன் லேபிளைத் தானே செய்து வைக்க வேண்டும். அது அலங்காரம் அல்ல, கையெழுத்து.

துணியில் குறி வைப்பது நமக்குப் புதிதும் இல்லை. ஊர்த்துணியை எல்லாம் ஒன்றாக வெளுத்தாலும் வீடு மாறாமல் கொண்டுவந்து கொடுக்க, சலவைத் தொழிலாளர்கள் சேராங்கொட்டைச் சாற்றால் குறி போட்டார்கள். எத்தனை வெளுப்புக்கும் அழியாது. ஆனால் அந்தச் சாறு சிலர் தோலுக்கு ஆகாது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்கு, சட்டைக் கழுத்தில் குறி பட்ட இடத்தில் தோல் புண்ணாகி, மருத்துவர்கள் அதை 1943-லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கே அப்படியென்றால் பச்சைக்குழந்தையின் கழுத்தை நினைத்துப் பாருங்கள்.

"எங்களைத்தான் எல்லோருக்கும் தெரியுமே டீச்சர்" என்பீர்கள். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடிய காலத்தில் அது சரி. டெய்லரின் முகத்தைப் பார்த்து அளவு கொடுத்தோம், சரியில்லை என்றால் அதே தூணடிக்குப் போய் நின்றோம். அந்தக் கடைகளே இன்று குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. நீங்கள் தைத்த கவுனோ கூரியரில் எங்கெங்கோ போகிறது. அங்கே உங்கள் முகத்துக்குப் பதிலாக நிற்பது அந்தச் சின்ன நாடாதான். முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் நம் மதுரைச் சுங்குடிக்கே பெயரைக் காக்க 2005-இல் புவிசார் குறியீடு தேவைப்பட்டது. உங்கள் பெயரை நீங்கள் காக்க வேண்டாமா?

"கையால் தைத்தது" என்று அச்சடித்த லேபிள்கள் ஆன்லைனில் கட்டுக்கட்டாகக் கிடைக்கின்றன. யார் கை என்று சொல்லாத அந்த லேபிளை யாரும் வாங்கி எதிலும் தைக்கலாம். அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

லேபிளில் நான்கு விஷயம் போதும். உங்கள் பெயரும் ஊரும். துணி முழுப் பருத்தியா, பாலியஸ்டர் கலப்பா என்பது. அளவு, வயதை மட்டும் போடாமல் மார்புச் சுற்றளவும் போடுங்கள், இரண்டு வயதில் எல்லாக் குழந்தையும் ஒரே உடம்பா? கடைசியாக, எப்படித் துவைப்பது. சாயம் இறங்கும் துணியென்றால் "முதல் முறை தனியாக அலசவும்" என்று ஒரு வரி. கலப்புத் துணியில் பருத்தி என்று போடுவது பொய். சித்திரை வெயிலில் வேர்க்குரு வந்து அழப்போவது அந்தக் குழந்தை.

செய்வதும் எளிது. திருப்பூரில் நெய்த லேபிள் அழகாகச் செய்து தருவார்கள், ஆனால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எடுக்க வேண்டும். மாதம் பத்து உடை தைப்பவருக்கு அது எதற்கு? முக்கால் இஞ்ச் வெள்ளைப் பருத்தி நாடா வாங்கி, முதலில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். இல்லாவிட்டால் பிறகு சுருங்கி உடையையும் இழுக்கும். பெயருக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். சாதாரண ஸ்டாம்ப் மை தண்ணீரில் போய்விடும். துணிக்கென்று விற்கும் மையோ ஃபேப்ரிக் பெயிண்டோ வேண்டும். ஸ்பாஞ்சில் மெல்லியதாகத் தொட்டு அச்சிட்டு, ஒரு நாள் காயவிட்டு, மறுபுறம் இஸ்திரி போடுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு துண்டை மட்டும் நாலைந்து முறை துவைத்துப் பாருங்கள். எழுத்து நின்றால்தான் மற்றதைத் தைக்க வேண்டும். எழுத்து அழகாக இருப்பவர்கள் நூலாலேயே பெயரைப் பின்னலாம்.

கழுத்தில் மட்டும் வைக்காதீர்கள். இடுப்புக்குக் கீழே பக்கத் தையலில் வையுங்கள். கைக்குழந்தை உடை என்றால் கீழ் மடிப்பின் வெளிப்புறம் வைத்து நான்கு ஓரமும் தைத்துவிடுங்கள். உள்ளே உறுத்தாது, குழந்தை பிய்த்து வாயிலும் போடாது.

கடைக்குத் தைப்பவர்கள், "உள்தையலில் என் பெயர் இருக்கட்டும்" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மறுத்தால் சண்டை வேண்டாம். நேரடியாக விற்கும் உடைகளிலாவது இன்றே தொடங்குங்கள். பெயர் போட்டுவிட்டால் பிசிறு விட்டுத் தைக்க உங்களுக்கே மனம் வராது. அந்த லாபமும் உண்டு.

பெண்கள் என்று மட்டும் சொல்லிவிட்டேன், மிஷின் மிதிக்கும் பையன்களும் கோபித்துக்கொள்ளாமல் இதைச் செய்யுங்கள். முதல் லேபிளைப் படம் எடுத்துக் கீழே போடுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் வழக்கம்போலத் திருத்துவேன்.