நெருஞ்சில் குடிநீர் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினேன்

"ஐயா, மகளுக்குக் கொஞ்சம் நெருஞ்சில் குடிநீர் கட்டிக் கொடுங்க. வளைகாப்பு முடிஞ்சு போன வாரம்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். ஒன்னுக்குப் போகையிலே எரியுதுங்கா. எல்லாம் இந்தச் சூடுதான்!"

ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் என்னிடம் கேட்டது இது. "வேற ஏதாவது மருந்து கொடுத்தீங்களாம்மா?" என்றேன். தயங்கியபடி கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். நார்ஃப்ளாக்சசின். பத்தில் நான்கு காலி. "அவ அப்பாவுக்குப் போன வருஷம் இதே எரிச்சலுக்கு டாக்டர் எழுதினது. அட்டையைக் காட்டினேன், மெடிக்கல்ல கொடுத்துட்டாங்க. ரெண்டு நாள்ல எரிச்சல் குறையலை. அதான் கர்ப்பிணிப் பொண்ணுக்கு இங்கிலீஷ் மருந்து எதுக்குன்னு உங்ககிட்ட வந்தேன்."

நான் குடிநீர் கொடுக்கவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே மகப்பேறு டாக்டரிடம் போய் யூரின் கல்ச்சர் எடுக்கச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. 'சித்த வைத்தியரே இப்படிச் சொன்னால்?' என்று நீங்களும் நினைக்கலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் இதே போல ஒரு ஐந்து மாதக் கர்ப்பிணி வந்தாள். நீர்ச்சுருக்கு என்று எண்ணி நெருஞ்சில் குடிநீரும் இளநீரும் சொல்லி அனுப்பினேன். எரிச்சல் கொஞ்சம் குறைந்தது. எனக்கும் பெருமைதான். எட்டாம் நாள் நடுக்கும் குளிர்காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது என் சாமர்த்தியம் இல்லை. அந்த எட்டு நாள் என் கணக்கில்தான் இன்றும் இருக்கிறது.

நெருஞ்சில் பொய்யான மருந்து இல்லை. நீரைப் பெருக்கும். வெயிலில் அலைந்து, தண்ணீர் குடிக்காமல் நீர் சுண்டிப் போய் எரியும் எரிச்சலுக்கு அது போதும். சிக்கல் என்னவென்றால், அந்த எரிச்சலும் கிருமி எரிச்சலும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். மற்றவர்கள் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம். கர்ப்பிணிக்கு அந்த அவகாசம் கிடையாது.

ஏன் கிடையாது? கர்ப்ப காலத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கருப்பை மேலே அழுத்துகிறது, அதிலும் வலது பக்கம் கூடுதலாக. நீர் ஓடாமல் தேங்குகிறது. தேங்கிய குளத்தில் பாசி பிடிப்பது போலத்தான்! கூடவே, கர்ப்பிணிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்துப் பேருக்கு எரிச்சல், வலி எதுவுமே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால், பழைய ஆய்வுகளின்படி நான்கில் ஒருவருக்கு வரை சிறுநீரகத்தில் சீழ்க்காய்ச்சல் வரும். குறைமாதப் பிரசவத்துக்கும் இது ஒரு காரணம். 1950-களிலேயே அமெரிக்காவில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் இந்தக் கிருமிகளை எண்ணிப் பார்க்கும் அளவுகோலை வகுத்துக் கொடுத்துவிட்டார்.

"யூரின் டெஸ்ட் எல்லாம் மாசாமாசம் எடுத்தாச்சே?" என்று டீச்சரம்மாவும் கேட்டார். அது ஆல்புமினும் சர்க்கரையும் பார்க்கும் சோதனை. கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வேறு. இரண்டும் ஒன்று என்று நம்பித்தான் பல வீடுகளில் நிம்மதியாக இருக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் கல்ச்சர் பார்ப்பதுதான் சரியான முறை என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. அறிகுறி இல்லாவிட்டாலும் கிருமி தெரிந்தால் ஏழு நாள் மருந்து என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது. ஆல்புமின், சர்க்கரை பார்ப்பது போல இதையும் ஒரு தடவையாவது எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பார்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

இனி அந்த மாத்திரை அட்டைக்கு வருவோம். நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகையைக் கர்ப்பிணிகளுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். டாக்சிசைக்ளின் வகை குழந்தையின் பல், எலும்பைப் பாதிக்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த மாத்திரைக்கு நம்மூர்க் கிருமி பல சமயம் அசைவதே இல்லை!

சிறுநீரில் வரும் கிருமி பெரும்பாலும் ஈ.கோலி. தாமிரபரணியில் குளித்ததால் வந்தது என்று ஆற்றைப் பழிக்காதீர்கள். (ஆற்றில் நாம் விடும் சாக்கடையைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) அது நம் குடலிலேயே குடியிருப்பது. போன வருஷம் வெறும் ஜலதோஷத்துக்கு நீங்கள் விழுங்கிய ஆன்டிபயாடிக், ஜலதோஷத்தை ஒன்றும் செய்யவில்லை. ஜலதோஷம் வைரஸால் வருவது; ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலை இல்லை. அது போய் வேலை பார்த்த இடம் குடல். அங்கே சாது கிருமிகள் செத்தன. மருந்தைத் தாங்கிய முரட்டுக் கிருமிகள் பெருகின. சில மாதங்கள், சமயத்தில் ஓராண்டு வரை கூட அவை அங்கேயே இருக்கும். பிறகு நாலு சென்டிமீட்டர் நீளமே உள்ள பெண்ணின் சிறுநீர்த் தாரை வழியே மேலேறினால், முன்பு கேட்ட மருந்து இப்போது கேட்காது. மருந்தைச் சிதைக்கும் நொதியை அந்தக் கிருமிகளே சுரக்கக் கற்றுக்கொண்டுவிட்டன. அந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் சொல்லிக்கொடுக்கின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெரிய ஆஸ்பத்திரிகளிலிருந்து திரட்டும் அறிக்கைகளில், ஈ.கோலியில் பாதிக்கு மேல் செஃபோடாக்சிம் போன்ற ஊசிகளுக்கே மசிவதில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கு அது. தெருவில் நிலைமை அவ்வளவு மோசமாக இராது. ஆனால் கர்ப்பிணிக்குக் கொடுக்கத் தகுந்த மருந்துகளே கைவிரல்களுக்குள் அடங்கும். அவற்றிலும் ஒவ்வொன்றாகக் கதவு மூடினால் அவள் எங்கே போவாள்?

2012-ல் சென்னையில் டாக்டர்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை வெளியிட்டார்கள். 2014 மார்ச்சிலிருந்து சில ஆன்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதி வந்தது. 2016-ல் மத்திய அரசு, மாத்திரை அட்டையில் உள்ள சிவப்புக் கோட்டைப் பார்த்து வாங்கச் சொல்லிப் பிரச்சாரம் செய்தது. விதியெல்லாம் இருக்கிறது. "அண்ணாச்சி, அதே மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்டால் கொடுப்பவரும் இருக்கிறார், கேட்கிற நாமும் இருக்கிறோம்.

எங்கள் தரப்பையும் சொல்லாமல் விடக் கூடாது. "கர்ப்பத்தில் இங்கிலீஷ் மருந்தே ஆகாது" என்று மேடையில் முழங்கும் சக வைத்தியர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்களைப் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில்தான் நான் படித்தேன். விடியற்கால நீரைக் கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்து, ஒரு முகூர்த்தத்துக்குள், அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது அங்கே சொல்லிக் கொடுத்த பாடம். லேப்காரர்களும் கல்ச்சர் சாம்பிளை இரண்டு மணி நேரத்துக்குள் கேட்கிறார்கள், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்கள். நீரைப் பாராமல் மருந்து கொடுக்காதே என்பதுதான் தேரையர் வழி. எண்ணெய்த் துளி வாத, பித்த, கபத்தைக் காட்டும். கிருமியை எண்ணிச் சொல்லாது. அதற்கு லேபுக்குத்தான் போக வேண்டும்.

சாம்பிள் எடுப்பதில் கவனம் தேவை. முதலில் சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, தொடக்கத்தில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் தரும் டப்பாவில் பிடிக்க வேண்டும். ஆன்டிபயாடிக் விழுங்கும் முன்பே பிடிக்க வேண்டும். முன்பே ஏதாவது விழுங்கியிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாளாகும்; அதுவரை டாக்டர் பாதுகாப்பான மருந்தைத் தொடங்கி, ரிப்போர்ட் பார்த்து மாற்றுவார். காய்ச்சல், குளிர், விலா வலி, வாந்தி இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

தண்ணீர் நிறையக் குடியுங்கள், அடக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் முக்கூடல் பக்கம் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்ணும், பள்ளிக்கூடத்துக் கழிவறைக்குப் பயந்து காலை முதல் தண்ணீரே குடிக்காத டீச்சரும் அடக்குவது வீம்புக்கா என்ன? கடை ஊழியர்களுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டம் வந்தது. கழிவறைக்குப் போய்வர நேரம் தருவதைப் பற்றியும் யாராவது பேசினால் நல்லது.

டீச்சரம்மா ஐந்தாம் நாள் ரிப்போர்ட்டோடு வந்தார். ஈ.கோலி. நார்ஃப்ளாக்சசினுக்கு நேரே 'ஆர்', அதாவது கேட்காது. செஃபிக்சிமுக்கும் அதே. நைட்ரோஃபுரான்டாயினுக்கு 'எஸ்', கேட்கும். பிரசவ நாள் நெருங்கிவிட்டால் அந்த மாத்திரையைத் தவிர்ப்பார்கள். ஏழாம் மாதம் என்பதால் டாக்டர் அதையே ஏழு நாளுக்கு எழுதியிருந்தார். முடித்த பிறகு எடுத்த மறு கல்ச்சரில் கிருமி இல்லை.

பேத்தி பிறந்த பிறகு பிரசவ லேகியம் கேட்டு வந்தார். "இதையாவது கொடுப்பீங்களா ஐயா?" என்றார். நானே கிளறிக் கொடுத்தேன்.