கீழே இறங்கிய மூக்கு



ஆண்டிறுதி மழை வந்துவிட்டது. இந்த மாதக் கடிதக் கட்டில், மைசூர்பாகு பதம் கேட்டவர்களுக்கு நடுவே ஒரு தாயாரின் கவலை. மகன் காரில் வெளிக்கடை இன்டேக் மாட்டியிருக்கிறானாம். “மழையில் ஒன்றும் ஆகாதா என்று கேட்டால் சிரிக்கிறான், நீங்களாவது சொல்லுங்கள்” என்கிறார். சிராங்கூன் சாலையில் சனிக்கிழமை இரவு உறுமிக்கொண்டு போகும் கார்களைப் பார்த்தால் இந்தக் கவலை ஒரு வீட்டோடு நிற்காது என்றே தோன்றுகிறது.

எஞ்சின் மூச்சிழுக்கும் குழாய்தான் இன்டேக். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அதன் வாயை பானெட் விளிம்பை ஒட்டி உயரத்தில் வைப்பார்கள். பிள்ளைகள் மாட்டும் ‘கோல்டு ஏர் இன்டேக்’ கீழே இறங்கி, முன்பம்பருக்குப் பின்னால், சக்கரத்தை ஒட்டி ஃபில்டரோடு முடியும். அங்கே எஞ்சின் சூடு எட்டாது. காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். அந்த அளவுக்குச் சக்தியும் கொஞ்சம் கிடைக்கும். பாதிப் பேர் மாட்டுவது சக்திக்காக அல்ல, சத்தத்துக்காக என்பது என் கணிப்பு.

கீழே இறங்கிய அந்த வாய்க்கு எதிரி சாலை வெள்ளம். நம் சிங்கப்பூரில் 2010 ஜூன் 16 காலை இரண்டு மணி நேரத்தில் சுமார் 100 மில்லிமீட்டர் மழை கொட்டி, ஆர்ச்சர்ட் சாலையில் லியாட் டவர்ஸ், லக்கி பிளாசா கீழ்த்தளங்கள் மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டே அந்தச் சாலையில் 1.4 கிலோமீட்டர் நீளத்தைச் சராசரி 30 சென்டிமீட்டர் உயர்த்தினார்கள். பிறகு தாவரவியல் பூங்கா அருகே மண்ணுக்கடியில் 38,000 கன மீட்டர் நீர் கொள்ளும் தொட்டியும் வந்தது. ஊர் சாலையைத் தூக்குகிறது; நம் பிள்ளைகள் காரின் மூக்கை இறக்குகிறார்கள்! இத்தனைக்குப் பிறகும் 2021 ஆகஸ்டில் பாசிர் ரிஸ், தெம்பனிஸ் பக்கம் கார்கள் நடுத்தண்ணீரில் நின்றன.

அம்மா, மழைத்தூறலுக்கும் சக்கரம் வாரியடிக்கும் சாரலுக்கும் எஞ்சின் சாகாது. ஃபில்டர் தண்ணீருக்குள் போனால்தான் ஆபத்து. 1.6 லிட்டர் எஞ்சின் 3,000 சுற்றில் முழு மூச்சோடு ஓடினால் நிமிடத்துக்கு 2,400 லிட்டர் காற்றை இழுக்கும். வாய் நீருக்குள் இருந்தால் அதே இழுப்பில் தண்ணீரை உறிஞ்சும். காற்றை அழுத்திச் சுருக்கலாம், தண்ணீரைச் சுருக்க முடியாது. அந்த எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 45 மில்லிதான், மூன்று மேசைக்கரண்டி. அதற்கு மேல் நீர் புகுந்தால் பிஸ்டன் முட்டி நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். மெக்கானிக்குகள் இதை ‘ஹைட்ரோலாக்’ என்பார்கள்.

கடைகளில் விற்கும் காப்புகளில், ஃபில்டருக்குப் போடும் நீர்விலக்கித் துணியுறை சாரலைத் தடுக்கும், மூழ்கினால் கைவிடும். குழாயின் மேல்பகுதியில் பொருத்தும் பைபாஸ் வால்வு கெட்டிக்காரத்தனமானது: கீழே வாய் அடைபட்டால் அது திறந்து மேலிருந்து காற்றைக் கொடுக்கும். ஆனால் டர்போ எஞ்சினுக்கு அது வேண்டாம் என்று வால்வைத் தயாரிப்பவரே சொல்கிறார். தண்ணீர் அந்த வால்வுக்கும் மேலே ஏறினால் அதனாலும் பயனில்லை. இன்டேக் மாட்டும்போது சக்கரத்தின் உள்மூடியைக் கழற்றிப் போட்டிருந்தால் முதலில் அதைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், நவம்பரிலிருந்து ஜனவரி வரை காரோடு வந்த பழைய ஏர்பாக்ஸையே மாட்டிவிடலாம். அது வீட்டு ஸ்டோர் ரூமில் எங்கேயாவது கிடக்கும்.

ஒருவேளை தண்ணீரில் எஞ்சின் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. முதல் முறை தப்பித்த ராடும் பதற்றத்தில் திருப்பும் சாவியில்தான் வளைகிறது. இழுவண்டியைக் கூப்பிட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோய், ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிய பிறகு எஞ்சினைச் சுழற்றி நீரை வெளியேற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சிஓஇ (வாகன உரிமைச் சான்றிதழ்) 150,000 வெள்ளியைத் தொட்ட ஊர் இது. சான்றிதழுக்கு ஆயுள் பத்தாண்டு. எஞ்சின் பட்டறையில் கிடக்கும் மாதங்களும் அந்தப் பத்துக்குள்தான் கழியும். அதனால் காப்புறுதிப் பத்திரத்தில் வெள்ளச் சேதம் அடங்குகிறதா என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்டேக் மாற்றியதை நிறுவனத்திடம் தெரிவித்தானா என்றும் கேளுங்கள். எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும் என்ற பட்டியல் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது.

பள்ளி விடுமுறைக்குப் பாலம் தாண்டி ஜோகூர் போகிறவர்களுக்கும் இதே பேச்சுதான். 2023 மார்ச்சில் பத்து பஹாட்டும் செகாமட்டும் மூழ்கின. அங்கே தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடாது. முன்னால் போகும் லாரி கடந்துவிட்டதே என்று பின்தொடராதீர்கள். லாரி எழுப்பும் அலைதான் உங்கள் பம்பருக்குள் புகும்.

அன்புடன்,
ஆசிரியர்